தன்னார்வலரின் எழுவாய்

இரண்டாண்டுகள் நான் ஒரு கல்வித் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ரிஷிவந்தியத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அது மாலை வகுப்புகள் நடத்திவந்தது. எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் ஆண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த அறிக்கையை ஒரு பிரதியாக இப்போது வாசித்துப் பார்க்கிறேன். எழுதியவனும் நானே என்பதால் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

‘மையங்கள் திறக்கப்பட்டன’, ‘பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர்’, ‘பாடங்கள் நடத்தப்பட்டன’. பக்கத்துக்குப் பக்கம் செயப்பாட்டுவினை. திறந்தது யார், வீடுவீடாய்ப் போய்ச் சேர்த்தது யார், நடத்தியது யார்? பதில் கிடையாது. செய்வினை வருகிற இடம் ஒன்றுதான்: இயக்குநர் உருவாக்கினார், இயக்குநர் வழிநடத்தினார். களை எடுத்துவிட்டு வந்து கை கழுவி, சாக்பீஸ் பிடித்த பெண்களெல்லாம் ஒரே மனிதரின் எழுவாய்க்குள் கரைந்துபோனார்கள்.

கூட்டங்களில் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் பெயர் அடிபடும். உரையாடலே கல்வி என்று இயக்குநர் ஒரு மணி நேரம் பேசுவார், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். ஒருநாள் ஒரு பெண் எழுந்து, பஸ் காசு வந்து ஆறு மாசம் ஆச்சுங்க சார் என்றார். “இது ஆபீஸ் இல்லம்மா, குடும்பம். குடும்பத்துல கணக்குப் பாப்பாங்களா?” என்றார் அவர். “எங்கூட்ல பாப்போம் சார்.” யாரும் சிரிக்கவில்லை. மறுமாதம் அவருடைய மையம் ‘மூடப்பட்டது’. அதையும் செயப்பாட்டுவினையில் நானே எழுதினேன்.

இதை ஒரு தனிமனிதரின் குணக்கேடு என்று முடித்துவிட முடியாது. அந்தச் சொல்லாடலுக்கு வரலாறு உண்டு. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அதையொட்டித் தமிழகத்தில் பரவிய அறிவொளி இயக்கத்தில் மாவட்டக் குழுவின் தலைவர் கலெக்டர்; கற்றுக்கொடுத்தவர்கள் சம்பளமில்லாத இளைஞர்களும் பெண்களும். அதன் சாதனையை மறுப்பது அறிவுநாணயம் ஆகாது. புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள். ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ படித்தவர்களுக்கு அந்த நாட்களின் சூடு தெரியும். அங்கே தொண்டு என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. இயக்கம் வடிந்த பிறகு திட்டங்கள் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன.

2012-இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் வந்தார்கள். மாதம் 5000 ரூபாய், பெயர் தொகுப்பூதியம். கொரோனா முடக்கத்துக்குப் பின் 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. மாதம் 1000 ரூபாய், பெயர் ஊக்கத்தொகை. சம்பளம் குறைந்தால் கேட்கலாம், தாமதமானால் சண்டை போடலாம். ஊக்கத்தை எந்தச் சட்டப்படி கேட்பது? பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2023-இல் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் என்ற பெயராவது அவர்களிடம் இருந்தது. தன்னார்வலர் வேலைநிறுத்தம் செய்தால் அதற்குப் பெயர் வேலைநிறுத்தம் அல்ல, ஆர்வமின்மை. உரிமை பற்றிய கேள்வி இப்படித்தான் ஒழுக்கம் பற்றிய கேள்வியாக உருமாறுகிறது.

நன்னூலின் பாயிரம் ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் இலக்கணம் சொல்கிறது. அதில் ஓர் உவமை முடத்தெங்கு: தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் இருக்க, அடுத்தவர் கொல்லையில் காய் போடும் வளைந்த தென்னை. எங்கள் நிறுவனத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் இங்கத்துப் பெண்கள். காய் விழுந்தது நிதி கொடுப்பவரின் மேசையில், வழவழப்பான தாளில், என் தமிழில்.

இடதுசாரி, தலித், பெண்ணிய நண்பர்களில் பலர் இன்று இத்தகைய நிறுவனங்களில் இருக்கிறார்கள். வெளியே அதிகாரத்தைக் கட்டுடைக்கிறோம்; உள்ளே வருகைப் பதிவேட்டின் முன் மௌனமாகிறோம். பிள்ளைகளிடம் ‘கேள்வி கேள்’ என்கிற நிறுவனம் தன் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்டவரை வெளியேற்றுமானால், பிள்ளைகள் கற்பது அந்த இரண்டாவது பாடத்தைத்தான். தலைவரை மாற்றுவது பிறகு. முதலில் வாக்கியத்தை மாற்றுவோம். யார் நடத்தினார், எத்தனை மாதம், எவ்வளவு பாக்கி என்று பெயரோடு எழுதப்படட்டும்.

நான் எழுதிய அறிக்கையில் ஒரு வாக்கியத்தைத் திருத்துகிறேன்: அந்த மையத்தை இயக்குநர் மூடினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.