வழவழப்பின் இலட்சணம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர்ப் பக்கத்துப் பட்டறைகளிலும், கிரைண்டிங் இயந்திரத்திலிருந்து இறங்கிய ஷாப்ட்டைத் துணியால் துடைத்து, அதன்மீது நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பார்த்து, நிதானமாகத் தலையசைக்கும் தொழிலாளியிடம் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு.

கண்ணுக்குக் கண்ணாடியாய்த் தோன்றும் அந்த எஃகு, அளவுக்கருவியின் வைர ஊசி ஊர்ந்து வரையும் கோட்டில் முகடும் பள்ளமுமாக விரிகிறது. சராசரிக் கோட்டிலிருந்து அவை விலகும் அளவின் சராசரியே 'ஆர்ஏ'. நன்கு சாணை பிடித்த பரப்பில் அது 0.8 மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்.

ஆயினும் சராசரி முழுச் சத்தியமன்று. கூரிய முகடுகள் துருத்தி நிற்கும் பரப்புக்கும், முகடு மழுங்கிக் கீறல்கள் மட்டும் ஆழ்ந்து எஞ்சிய பரப்புக்கும் ஒரே ஆர்ஏ வரக்கூடும். முன்னது ஆயில் சீலை அராவித் தின்றுவிடும், பின்னதோ, ஹோனிங் செய்த எஞ்சின் சிலிண்டரில் குறுக்கும் மறுக்குமாக ஓடும் கோடுகளில் நாம் காண்பதுபோல, எண்ணெயைத் தன்னுள் தேக்கிப் பிஸ்டன் வளையத்தைக் காக்கும். என்ன நுட்பமான சிருஷ்டி அது!

இரு பரப்புகள் தம் முகடுகளில் மட்டுமே தொடுகின்றன என்ற உண்மையை 1966-இல் கணிதமாக வடித்த ஆய்வாளர்கள் கிரீன்வுட்டும் வில்லியம்சனும், சராசரி ஒன்றோடு நில்லாமல், முகடுகளின் உயர வேறுபாடு, நுனியின் வளைவு, அடர்த்தி ஆகிய மூன்றையும் கேட்டார்கள். மெய்யான தொடுபரப்பு மிகச் சொற்பம் என்பதும், பாரம் கூடக்கூட ஏறக்குறைய அதே விகிதத்தில் அது பெருகும் என்பதும் அக்கணிதம் தெளிவாக்கியவை.

ஆகவே, வரைபடம் தீட்டும் இன்ஜினீயர்களே, ஆர்ஏ ஒன்றோடு நிறுத்தாமல், முகடு பள்ளங்களின் உயரத்தைச் சொல்லும் ஆர்இஸட்டையும் சேர்த்து எழுதுங்கள். பரப்பு முகடுகளின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமா, பள்ளங்களின் பக்கமா என்பதையும் பட்டறைக்குச் சொல்லுங்கள்.