நடுப்பந்து யாருக்கு?

விக்கிரவாண்டி, திண்டிவனம், விழுப்புரம் பக்கம் சாயங்காலம் விளக்குப் போட்டு ஆடும் ஷட்டில் கோர்ட்டுகளில் ஒற்றையர் ஆட்டம் அபூர்வம். கோர்ட் ஒன்று, காத்திருப்பவர்கள் பத்துப் பேர். நாலு நாலு பேராக இறங்கினால்தான் எல்லோருக்கும் முறை வரும். அங்கே அன்றாடம் ஒரு சண்டை நடக்கும். இறகுப்பந்து இருவருக்கும் சரியாக நடுவில் வந்து விழும். "நீ எடுப்பேன்னு விட்டேன்" என்பார் ஒருவர். "உன் பக்கம்தானேப்பா வந்துச்சு" என்பார் மற்றவர். இரண்டு பேருமே நல்ல ஆட்டக்காரர்கள்தான். ஜோடிதான் இன்னும் அமையவில்லை.

இரட்டையர் ஆட்டத்தின் வித்தை முழுக்க அந்த நடு இடத்தில் இருக்கிறது. ஷட்டிலில் இப்படியென்றால் டென்னிஸில் இன்னும் அதிகம். அந்த வித்தையில் நம் நாட்டுப் பெண் ஒருவர் உலகின் முதல் இடத்தில் 91 வாரங்கள் இருந்தார். சானியா மிர்சாவைப் பற்றி நம்மிடம் பேச்சு நிறைய உண்டு. உடை, கல்யாணம், சர்ச்சை, விளம்பரம் எல்லாம் அலசியாகிவிட்டது. அவர் இரட்டையர் ஆடிய அழகைப் பற்றி மட்டும் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி. ஒற்றையருக்கு அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. இரண்டு ஓரத்திலும் நாலரை அடி கூடுகிறது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அந்த ஓரங்கள்தான் கண்ணில் படும்; அங்கே அடித்தால் பாயின்ட் என்று தோன்றும். ஆடிப் பழகியவர்கள் நடுவில் அடிப்பார்கள். நெட் இரு முனைகளிலும் மூன்றரை அடி உயரம், நடுவில் மூன்று அடிதான். நடுவில் அடித்தால் பந்து நெட்டில் சிக்குவது குறைவு. அங்கிருந்து எதிராளி ஓரத்துக்குத் திருப்பி அடிக்கக் கோணமும் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுப்பது யார் என்ற அந்த அரை நொடித் தயக்கம் உங்களுக்கு லாபம். அதனால் நல்ல ஜோடி என்றால் முதலில் தங்கள் நடுவை அடைத்தவர்கள் என்று அர்த்தம்.

சானியா இந்த வித்தைக்கு நேர்வழியில் வரவில்லை. 1986-ல் மும்பையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். ஆறு வயதில் ராக்கெட் பிடித்தார். அப்பா இம்ரான் மிர்சா பயிற்சியாளர். 2005-ல் சொந்த ஊரான ஹைதராபாத்தில் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் அதை வென்றதில்லை. அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் நான்காவது சுற்றுவரை போனார். 2007-ல் ஒற்றையர் தரவரிசையில் 27-வது இடம். நம் கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன் 1998-ல் ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்று ஜெயித்ததையே நாடு கொண்டாடியது. அதிலிருந்து ஒன்பது ஆண்டுகளில் இவ்வளவு தூரம்.

அந்த உயரத்துக்கு அவரை ஏற்றியது ஒரே ஓர் ஆயுதம், ஃபோர்ஹேண்ட். மற்றவர்கள் தோளையும் இடுப்பையும் சுழற்றி எடுக்கும் வேகத்தை அவர் மணிக்கட்டைச் சொடுக்கியே எடுத்தார். ராக்கெட் கடைசி நொடியில்தான் திரும்பும். பந்து நேராகப் போகுமா குறுக்கே போகுமா என்று எதிராளி கணிப்பதற்குள் அது கடந்து போயிருக்கும். அந்த மணிக்கட்டே பிறகு அவரைப் படுத்தியது. 2008-ல் காயம், அறுவை சிகிச்சை. முழங்கால்களிலும் கத்தி பட்டது. இரண்டாவது சர்வ் சாதுவாக விழும். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடுவது ஆரம்பம் முதலே அவருடைய பலம் அல்ல. 2013-ல் ஒற்றையரை விட்டார்.

இரட்டையர் என்பது ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்கும் திண்ணை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் உச்சுக் கொட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயம் வேறு. இரட்டையரில் நாலு கேமுக்கு ஒருமுறைதான் சர்வ் போட வேண்டும். ஓட வேண்டியது பாதிக் கோர்ட். ஆனால் சர்வைத் திருப்பி அடிக்கும் ரிட்டர்னுக்கு மதிப்பு இரட்டிப்பு. ஏனென்றால் நெட் ஓரத்தில் இன்னொருத்தர் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எட்டாமல், தாழ்வாக, வேகமாக அடித்தாக வேண்டும். சானியாவின் குறைகளெல்லாம் சுருங்கி, அந்த ஒற்றை நிறை பெருகும் இடம் இதுதான்.

ஆனால் அடி மட்டும் ஜோடியை உண்டாக்காது. ஜோடியாக ஆடும் கலையை அவர் படித்த பள்ளிக்கூடம் அவருடைய பார்ட்னர்கள். 2004-ல் ஹைதராபாத்தில் முதல் டபிள்யூ.டி.ஏ. இரட்டையர் பட்டம் வென்றபோது பக்கத்தில் நின்றவர் லீசல் ஹூபர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, உலக முதலிடம்வரை சென்ற இரட்டையர் நிபுணர். ஹூபருடன் சேர்ந்து விம்பிள்டன் வென்றவர் ஜிம்பாப்வேயின் காரா பிளாக். அந்தக் காரா பிளாக்கும் பிறகு சானியாவின் ஜோடியானார். ஆளும் உயரமில்லை, அடியும் பலமில்லை. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பதில் பிளாக் பேராசிரியை. 2014-ல் சிங்கப்பூரில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியில் இந்த ஜோடி, முந்தைய ஆண்டின் சாம்பியன்களான பெங் ஷுவாய் – ஷியே சு-வெய் ஜோடியை 6-1, 6-0 என்று சுருட்டியது. இதற்கிடையே கலப்பு இரட்டையரில் மகேஷ் பூபதியோடு 2009-ல் ஆஸ்திரேலியாவிலும் 2012-ல் பாரிஸிலும், புருனோ சோயரெஸோடு 2014-ல் நியூயார்க்கிலும் மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் சேர்ந்திருந்தன.

2015 மார்ச்சில் மார்ட்டினா ஹிங்கிஸ் வந்து சேர்ந்தார். பதினாறு வயதில் ஒற்றையரில் உலக முதலிடம் கண்ட மேதை. முப்பதைத் தாண்டி இரட்டையருக்காகத் திரும்பி வந்திருந்தார். சேர்ந்து ஆடிய முதல் மூன்று போட்டிகளையும், இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று வரிசையாக வென்றார்கள். சார்ல்ஸ்டன் முடிந்த மறுநாள், ஏப்ரல் 13 அன்று, சானியா உலக இரட்டையர் தரவரிசையில் முதலிடம்.

இந்த ஜோடி ஏன் அப்படிப் பொருந்தியது என்பதை ஒரு பாயின்ட்டை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும். சானியா வலப் பாதியில், அதாவது ஃபோர்ஹேண்ட் பக்கம். ஹிங்கிஸ் இடப் பாதியில். இருவரும் வலக்கைக்காரர்கள். ஆக, வல ஓரத்தில் சானியாவின் ஃபோர்ஹேண்ட், இட ஓரத்தில் ஹிங்கிஸின் புகழ்பெற்ற பேக்ஹேண்ட், நடுவில் ஹிங்கிஸின் ஃபோர்ஹேண்ட் வாலி. வேலி போட்டு முடிந்தது. இப்போது எதிராளி சர்வ் போடுகிறார். சானியா பின்கோட்டிலிருந்து குறுக்கே ஓங்கி அடிக்கிறார். பந்து நெட்டைத் தொட்டும் தொடாமலும் கடந்து, சர்வ் போட்டவரின் காலடியில் இறங்குகிறது. குனிந்து எடுப்பவரால் பந்தை மேல்நோக்கித்தான் தூக்க முடியும். பந்து நெட்டுக்கு மேல் எழும்பும் அதே கணத்தில் ஹிங்கிஸ் இரண்டு எட்டு நடுவுக்கு நகர்ந்து, ராக்கெட்டை ஓங்காமல், கதவைச் சாத்துகிற மாதிரி முடித்துவிடுவார். கைத்தட்டல் ஹிங்கிஸுக்கு. பாயின்ட் செத்தது அதற்கு முந்தைய அடியிலேயே.

ரசிகனாக எனக்குப் பிடித்தது அந்த முந்தைய அடிதான். ஒற்றையரில் அதே ஃபோர்ஹேண்டைச் சானியா தானே பாயின்ட்டை முடிக்க அடித்தார். கோட்டுக்கு அருகே குறி வைப்பார், பாதி வெளியே போகும். இரட்டையரில் அதை இன்னொருவர் முடிப்பதற்காக அடித்தார். வேகம் குறையவில்லை, ஆனால் குறி மாறியது. நெட்டை விட்டு ஓர் அடி உயரத்தில் பந்து போனால் பார்ட்னர் மாட்டிக்கொள்வார் என்ற பொறுப்பு அந்த மணிக்கட்டில் ஏறியது. முன்கோபமுள்ள ஓர் அடி, பக்குவப்பட்டு ஜோடிக்கு உழைத்தது.

2015 ஜூலை 11, விம்பிள்டன் இறுதி ஆட்டம் இதற்கெல்லாம் உரைகல். அரையிறுதியில் அமெரிக்க இரட்டையர் நிபுணர்களான ராக்கல் காப்ஸ்-ஜோன்ஸ், அபிகேல் ஸ்பியர்ஸ் இருவரையும் 6-1, 6-2 என்று எளிதாகத் தாண்டியிருந்தார்கள். இறுதியில் எதிரே ரஷ்யாவின் மகரோவா – வெஸ்னினா. முதல் செட் 5-7 என்று போனது. இரண்டாவது செட் டைபிரேக்கில் தப்பியது. மூன்றாவதில் 2-5. இன்னும் ஒரு கேம் எடுத்தால் கோப்பை ரஷ்யர்களுக்கு. இப்படிப்பட்ட நேரத்தில் ஜோடிகள் உடைவது வழக்கம்: ஒருவர் எல்லாவற்றையும் தானே செய்யப் பார்ப்பார், மற்றவர் ஒதுங்குவார், நடுவில் ஓட்டை விழும். இவர்கள் இடம் மாறவில்லை. சானியா பின்னால் நின்று அடித்துக்கொண்டே இருந்தார், ஹிங்கிஸ் முன்னால் குறுக்கே பாய்ந்துகொண்டே இருந்தார். 5-5 ஆனபோது வெளிச்சம் போய்விட்டது என்று ஆட்டத்தை நிறுத்திக் கூரையை மூடினார்கள். திரும்பி வந்து அடுத்த இரண்டு கேமையும் எடுத்தார்கள். தொடர்ந்து ஐந்து கேம். 5-7, 7-6, 7-5. விம்பிள்டன் மகளிர் இரட்டையர் கோப்பையில் முதல்முறையாக ஓர் இந்தியப் பெண்ணின் பெயர். மறுநாள் ஹிங்கிஸ், லியாண்டர் பயஸோடு கலப்பு இரட்டையரையும் வென்றார்.

பிறகு அமெரிக்க ஓப்பன், அதற்குப் பிறகு 2016 ஆஸ்திரேலிய ஓப்பன். இடையில் எந்த ஜோடியாலும் இவர்களைத் தொட முடியவில்லை. தொடர்ந்து 41 வெற்றிகள். 2016 பிப்ரவரியில் தோஹாவில்தான் அந்த ஓட்டம் நின்றது. உலக அளவில் வைத்துப் பார்த்தால், எண்பதுகளில் அமெரிக்காவின் மார்ட்டினா நவ்ரத்திலோவா – பாம் ஷ்ரைவர் ஜோடி தொடர்ந்து 109 ஆட்டங்கள் வென்றது. அது வேறு யாருக்கும் எட்டாத மலை. 1990-ல் நோவாட்னா – சுகோவா 44. அதற்கு அடுத்து இத்தனை நீளமான ஓட்டம் இவர்களுடையதுதான்.

நம் நாட்டின் டென்னிஸ் கௌரவத்தில் பெரும்பங்கை இரட்டையர்தான் காப்பாற்றியிருக்கிறது. 1966 டேவிஸ் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒன்று, நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப் – ரோச் என்ற உலகப் பெரும் ஜோடியை வென்ற இரட்டையர் ஆட்டம். 1976-ல் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார்கள். 1997-ல் ஏ.டி.பி. டென்னிஸ் போட்டி சென்னைக்கு வந்தபோது நுங்கம்பாக்கத்தில் பயஸும் பூபதியும் பட்டம் வென்றார்கள். இடையே பிரிந்து, சேர்ந்து, 2011-ல் அங்கேயே மறுபடியும் வென்றார்கள். நெஞ்சோடு நெஞ்சு மோதிக் கொண்டாடும் அந்த ஜோடியைப் பார்க்க நம் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போன கூட்டம் உண்டு. ஆனால் இந்த வரிசை முழுக்க ஆண்கள். அதில் ஒரு பெண் வந்து நின்றபோது, ஆண்களைப் போலப் பாய்ந்து ஆடாமல், பின்கோட்டிலிருந்தே ஆட்டத்தை நடத்திக் காட்டினார்.

ஜோடி பிரிந்ததும் அவருடைய தரம் தெரிந்தது. 2016 ஆகஸ்டில் ஹிங்கிஸும் அவரும் பிரிந்தார்கள். அடுத்து ஆடிய சின்சினாட்டியின் இறுதி ஆட்டத்திலேயே விதி இருவரையும் நெட்டின் இருபுறமும் நிறுத்தியது. சானியாவுடன் பார்போரா ஸ்ட்ரிகோவா. ஹிங்கிஸுடன் அமெரிக்காவின் கோகோ வாண்டவே. சானியா ஜோடி 7-5, 6-4. அதுவரை முதலிடத்தை ஹிங்கிஸோடு பகிர்ந்திருந்தவர், அந்த வெற்றியால் தனியாக முதலிடம் பெற்றார். ஹிங்கிஸின் நிழலில் ஜெயித்தவர் என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

2018-ல் மகன் பிறந்தான். 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில், நாடியா கிச்செனோக்குடன், திரும்பி வந்த முதல் போட்டியிலேயே பட்டம். 43 மகளிர் இரட்டையர் பட்டங்கள், ஆறு கிராண்ட் ஸ்லாம்கள் என்று கணக்கு முடிந்தது. 2023-ல் மெல்போர்னில் ரோஹன் போபண்ணாவுடன் கலப்பு இரட்டையர் இறுதிவரை போனார். பதினாலு வயதில் அவருடைய முதல் கலப்பு பார்ட்னரும் போபண்ணாதான். கோப்பை கிடைக்கவில்லை. அடுத்த மாதம் துபாயில், அமெரிக்காவின் மாடிசன் கீஸோடு ஆடிய முதல் சுற்றுத் தோல்வியே கடைசி ஆட்டம்.

சானியாவின் பழைய ஆட்டங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. பார்க்கும்போது ஒரு யோசனை: பாயின்ட்டை முடிப்பவரை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய அடியை அடித்தவரைக் கவனியுங்கள். அடித்த மறுகணம் சானியா என்ன செய்கிறார் என்று பாருங்கள். பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். பார்ட்னர் நடுவுக்குப் பாய்ந்ததால் காலியான பாதிக்கு அதற்குள் நகர்ந்திருப்பார். பெரும்பாலும் அந்தப் பந்து திரும்பி வராது. வராத பந்துக்காக ஆயிரக்கணக்கான முறை அப்படி நகர்ந்தவர் என்பதால்தான் அவரை நம்பி இன்னொருவர் பாய முடிந்தது.