மாலையில் விரியும் பீர்க்கு
மாடித் தோட்டம் போட நினைத்தால் முதலில் தளத்தைப் பாருங்கள், செடி அப்புறம். பை நிறையச் செம்மண் கொட்டினால் நனைந்ததும் பாறையாய்க் கனக்கும். அதனால்தான் தென்னை நார்க்கழிவு. 5 கிலோ கட்டியைத் தண்ணீரில் ஊறப் போட்டால், சற்று நேரத்தில் பொலபொலவென்று தொட்டி நிறைய விரிந்து கிடக்கும். உப்புப் போக இரண்டு முறை அலசி, மண்ணும் மட்கிய சாணமும் கலந்துகொள்ளலாம். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் ஈரம் தேங்கக் கூடாது.

ஆடியில் நான் முதலில் ஊன்றுவது பீர்க்கு. பூசணியும் பாகலும் காலையில் பூக்கும். பீர்க்கோ வெயில் தாழ்ந்த பிறகுதான் மஞ்சளாய் விரியும். என்ன நிறம் அது! காம்பில் சின்னப் பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண் பூ. உயரமான மாடிக்குப் பூச்சிகள் அவ்வளவாக வருவதில்லை. ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழை மடக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுவேன். பிஞ்சு பிடித்துவிட்டால் நாலைந்து நாளில் வரி ஓடி நீளும்.

சமைக்கும்போது தோலை எறிந்துவிடாதீர்கள். கொடியிலிருந்து அன்றே பறித்த பீர்க்கந்தோல் துவையலின் மணமே வேறு.