மாநில அரசியலின் மூன்று மரபுகள்: டிவிட் கிளின்டனை முன்வைத்து

விடுதலை பெற்ற அமெரிக்காவில் முதல் ஐம்பது ஆண்டுகளின் அரசியலைப் படிக்கிறவர்கள் குடியரசுத் தலைவர்களோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் சாலை, பள்ளி, வரி, வாக்குரிமை எல்லாம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருந்த காலம் அது. அந்த மாநில அரசியலில் மூன்று மரபுகளைப் பார்க்கலாம்.

வெர்ஜீனியா மரபு ஆளுநரை நம்பாத மரபு. ஆண்டுதோறும் சட்டமன்றமே அவரைத் தேர்ந்தெடுத்தது. தொடர்ந்து மூன்றாண்டுக்கு மேல் அவர் பதவியில் இருக்க முடியாதிருந்தது. புகழ்பெற்ற பேச்சாளர் பாட்ரிக் ஹென்றியே அந்தக் கட்டுக்குள் இருந்தவர்தான்.

இரண்டாவது மரபு நியூயார்க்குடையது: ஆளுநரைத் தேர்ந்தெடுப்பதை அது வாக்காளர்களிடமே விட்டது. ஜார்ஜ் கிளின்டன் 1777 முதல் 18 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டார். அவருக்குச் செயலாளராக இருந்து அரசியல் கற்ற அண்ணன் மகன்தான் டிவிட் கிளின்டன் (1769–1828). நியூயார்க் மேயர் பதவிக்காக 1803-இல் தேசிய செனட் இடத்தையே உதறியவர். இன்று யாராவது செய்வார்களா? 1812 குடியரசுத் தலைவர் தேர்தலில் மாடிசனை எதிர்த்து நின்று, தேர்வாளர் வாக்குகளில் 128-க்கு 89 என்று தோற்றார். குறையும் உண்டு. பதவி நியமனக் குழுவில் இருந்தபோது எதிரணியினரை நீக்கித் தம்மவர்களை அமர்த்தினார். அந்த வழக்கம் பின்னால் அவரையே பதம்பார்த்தது.

ஈரி ஏரியை ஹட்சன் ஆற்றோடு இணைக்கும் 363 மைல் கால்வாய்க்கு மத்திய அரசு பணம் தரவில்லை. மாநிலம் கடன் வாங்கி, டிவிட் கிளின்டன் ஆளுநராக இருக்கையில், 1817 ஜூலை 4 அன்று வேலையைத் தொடங்கியது. 'கிளின்டனின் சாக்கடை' என்று பத்திரிகைகள் கேலி செய்தன.

மூன்றாவது மரபு அதே மாநிலத்து மார்ட்டின் வான் பியூரனுடையது: கட்சிக் கட்டுப்பாடே எல்லாம். 1824-இல் அவருடைய ஆட்கள், சம்பளம் வாங்காமல் உழைத்த கிளின்டனைக் கால்வாய் ஆணையத்திலிருந்து நீக்கினார்கள். மக்கள் கொதித்தார்கள், அதே ஆண்டு கிளின்டன் மறுபடி ஆளுநராகத் தேர்வானார். 1825-இல் கால்வாய் திறந்தது. பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கு அனுப்ப 100 டாலர் ஆனது, சுமார் 10 டாலராக இறங்கியது.

தேர்தலில் ஜெயிக்கும் கலையில் வான் பியூரனே கெட்டிக்காரர்; 1836 தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரும் ஆனார். ஆனால் மாநிலத்துக்கு யார் என்ன செய்தார் என்று கேட்டால் கிளின்டன்தான் முன்னே நிற்கிறார். 1828 பிப்ரவரியில் பதவியிலிருக்கும்போதே இறந்த அவர் குடும்பத்துக்கு விட்டுச் சென்றது கடன்தான். கால்வாய்க்கு மாநிலம் வாங்கிய கடனையோ சுங்க வருவாயே அடைத்துவிட்டது.