320 கட்டளைகளில் ஒரு சைன்

பழைய கால்குலேட்டரைக் கழற்றினால் உள்ளே ஒரு பலகையும் ஒரு கறுப்புச் சிப்பும் இருக்கும். பெரும்பாலோர் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். சிலருக்கு வேடிக்கை அங்கேதான் தொடங்குகிறது. சிப்பின் உறையைச் சூடான அமிலத்தில் கரைப்பார்கள், வெளிப்படும் சிலிக்கனை நுண்ணோக்கியில் படமெடுப்பார்கள், பிறகு அந்தப் படத்தை இரவிரவாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ரிவர்ஸ் எஞ்சினியரிங் என்பது இதன் பெயர். பிழைப்புக்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் ரசிப்பது யாரும் கேட்காமலே செய்பவர்களை.

அமெரிக்கரான கென் ஷிரிஃப் அப்படிப்பட்டவர். அவர் பிரித்துப் படித்தவற்றில் என் மனத்தில் நிற்பது 'சின்க்ளேர் சயின்டிஃபிக்'. 1972இல் வந்த எச்பி-35 அறிவியல் கால்குலேட்டரின் விலை 395 டாலர். இரண்டே ஆண்டில் பிரிட்டனின் கிளைவ் சின்க்ளேர் அதே வகைக் கருவியை 49.95 பவுண்டுக்கு விற்றார். உள்ளே இருந்ததோ கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கென்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த சாதாரணச் சிப். அதற்குள் சைன், காஸ், லாக் எல்லாம் எப்படி அடங்கின?

விடை சிப்பிலேயே எழுதியிருந்தது. நிரல் இருக்கும் பகுதியின் படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு கட்டத்தில் டிரான்சிஸ்டர் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஒன்று, சுழி. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் படிப்பவரைப் போல, எதிரே இருப்பதைவிட இல்லாததில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரு கட்டளைக்கு 11 பிட் வீதம் மொத்தம் 320 கட்டளைகள். எழுதியவர் சின்க்ளேரிடம் வேலைபார்த்த நைஜல் சர்ல்.

அவர் சைன் கண்ட விதம்தான் என்னைச் சொக்க வைத்தது. ஒரு கோட்டை 0.001 ரேடியன் திருப்பு, மறுபடி திருப்பு, கேட்ட கோணம் வரும்வரை திருப்பிக்கொண்டே இரு. அவ்வளவுதான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேண்டியது ஓர் எண்ணை ஆயிரத்தால் வகுத்து இன்னோர் எண்ணோடு கூட்டுவதோ கழிப்பதோ மட்டுமே. பதின்மக் கணக்கில் ஆயிரத்தால் வகுப்பது எண்ணை மூன்று இடம் தள்ளி வைப்பதுதானே! பெருக்கல் இல்லை, அட்டவணை இல்லை. 1.5 ரேடியனுக்கு 1500 சுற்று. ஆகவே கோணம் பெரிதாகப் பெரிதாகக் கால்குலேட்டர் நெடுநேரம் யோசிக்கும். விடையின் கடைசி இலக்கங்களை நம்பவும் முடியாது. கணித நூல் படித்தவர் முகம் சுளிப்பார். எனக்கு இது கைப்பிடி மாவில் பத்துப் பேருக்குத் தோசை வார்த்த கை.

மாவு போதாத இடமும் தெரிகிறது. பை முதலான மாறிலிகளுக்கு நிரலில் இடமில்லை. என்ன செய்தார்கள்? கருவியின் முகப்பிலேயே அச்சடித்துவிட்டார்கள்: 3.14159, 2.71828, ரேடியனைப் பாகையாக்கும் எண். பயனாளரே பார்த்து அழுத்திக்கொள்ள வேண்டியது. கருவியைக் கையில் வைத்திருந்தவர்கள் இதை ஒரு வசதி என்றுகூட நினைத்திருக்கலாம். நிரலைப் படித்தவருக்குத்தான் அது வசதியல்ல, நெருக்கடி என்று புரியும். இந்தப் பொழுதுபோக்கின் சுகமே இந்த இடங்களில்தான் இருக்கிறது. குறிப்பொன்றும் எழுதி வைக்காத ஒருவர் எந்த மூலையில் தவித்தார், எங்கே ஒரு கட்டளையை மிச்சம் பிடித்தார் என்பது வரை தெரிந்துவிடுகிறது.

ஷிரிஃப் படித்ததோடு விடவில்லை. அந்த 320 கட்டளைகளை அப்படியே ஓட்டும் ஒரு மாதிரியைக் கணினியில் செய்து வைத்தார். சைன் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு கட்டளையாக ஓடுவது திரையில் தெரியும். நான் ஒரு ரேடியன் கொடுத்தேன். கோடு ஆயிரம் முறை திரும்பி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், காப்பி ஆறிப்போனது.