உப்பளத்துக்கு எந்த வெள்ளெழுத்துக் கண்ணாடி?

“இருபத்து நாலா, இருபத்தாறா? சரியா பாத்துச் சொல்லு கண்ணு” என்றார் சித்தி. மரக்காணம் உப்பளத்தில் அப்போது காலை ஐந்தே முக்கால் மணி. பாத்தித் தண்ணீரை உயரமான குவளையில் மொண்டு, டிகிரி மீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தேன். கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிந்தன. குவளையைத் தள்ளிப் பிடித்தால் கோடு பிரிந்தது, ஆனால் எண் சிறுத்துப்போனது. எனக்கு 47 வயது, சித்திக்கு 58. இரண்டு பேர் கண்ணுக்கும் அந்த எண் பிடிபடவில்லை.

அந்த எண்ணில்தான் ஒரு பாத்தியின் உழைப்பே இருக்கிறது. கடல்நீர் சுமார் 3 டிகிரி போமே அடர்த்தியில் உள்ளே வருகிறது. வெயிலில் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படியத் தொடங்குகிறது. 29 வாக்கில் மிச்ச நீரை வடிக்காமல் விட்டால் மெக்னீசிய உப்புகளும் கலந்து கசக்கும், மூட்டையில் ஈரம் கோக்கும். கை தேர்ந்தவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார்கள். ஆனாலும் மீட்டரைப் படிக்க முடியாத கண் உப்பளத்தில் ஒரு நஷ்டம்தான்.

அன்று பிரம்மதேசத்துக்கு வீடு திரும்பியதும் ஒரு முடிவு செய்தேன். கிட்டப் பார்வைக்குக் கடையில் கிடைக்கும் தீர்வுகளை வாங்கி, ஆறு வாரம் உப்பளத்திலும் வீட்டிலும் போட்டுப் பார்ப்பது. டிகிரி மீட்டர் படிப்பது, கோணி ஊசியில் சணல் கோப்பது, எடைச் சீட்டுப் படிப்பது, வரப்பில் நடப்பது என்று நான்கு சோதனைகள் வைத்துக்கொண்டேன்.

கண்ணுக்குள் நடப்பது

கிட்டே பார்க்கும்போது கண்ணின் லென்ஸ் உப்பிக் கொடுக்க வேண்டும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகிப்போய் உப்ப மறுக்கிறது. பத்து வயதுப் பிள்ளை மூக்குக்கு நேரே வைத்துப் படிக்கும் எழுத்தை, நாற்பதைத் தாண்டியவர் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறார். இதைத்தான் ஊரில் வெள்ளெழுத்து என்கிறோம், சாளேசரம் என்பதும் இதுவே. இது நோயல்ல, எல்லோருக்கும் வருவது.

சோதனையில் ஒன்றைக் கவனித்தேன். விடியற்காலையில் தெரியாத கோடு, உச்சி வெயிலில் கண்ணாடி இல்லாமலே ஓரளவு தெரிந்தது. வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதால் பார்வை கூர்மையாகிறது. “பகல்ல நல்லாத்தானே தெரியுது” என்று பலர் கண்ணாடியை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கு இது ஒரு காரணம்.

ரெடிமேட் கண்ணாடி: 180 ரூபாய்

மருந்துக் கடையில் வயதைக் கேட்டே பவர் எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு பிளஸ் 1.50, சித்திக்கு பிளஸ் 2.50. என் பவர் பொருந்தியது. சித்திக்குத்தான் சிக்கல். மீட்டரை நிமிர்ந்து பிடித்தால் மங்கியது, முகத்தருகே கொண்டுவந்தால்தான் தெளிந்தது.

காரணம் எளிய கணக்கு. 100-ஐ பவரால் வகுத்தால், லென்ஸ் இறுகிய கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் சென்டிமீட்டரில் வரும். பிளஸ் 2.50-க்கு 40 செ.மீ., பிளஸ் 2-க்கு 50 செ.மீ. கண்ணில் மிச்சமிருக்கும் சக்தியைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் கிட்டேயும் தெரியும். சித்தி மீட்டரைப் பிடிப்பதோ அரை மீட்டர் தள்ளி. பிளஸ் 2 மாற்றிக் கொடுத்ததும் தலையை ஆட்டாமல் படித்தார்: “இருபத்தஞ்சரை.” ஊசி கோக்கும்போது மட்டும் 2.50-ஐ எடுத்துக்கொள்கிறார். வயதைப் பார்த்துப் பவர் வாங்குவதைவிட, வேலை செய்யும் தூரத்தைப் பார்த்து வாங்குவதே சரி.

குறையும் உண்டு. ரெடிமேடில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான். இடது, வலது வேறுபட்டாலோ தூரப் பார்வையிலும் குறை இருந்தாலோ இது உதவாது. மூன்றாவது வாரம் உப்புக் காற்றில் கீல் திருகு துருப்பிடித்தது. உலோக ஃபிரேம் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். வியர்வையும் உப்புத் தண்ணீரும் காய்ந்த லென்ஸை முந்தானையால் துடைத்தால் உப்புத் துகளே கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு பருத்தித் துணியால் ஒற்றுங்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு அவசியம்.

பைஃபோகல்: 950 ரூபாய்

மேலே தூரம், கீழே கிட்டம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-லேயே கடிதத்தில் எழுதிய உத்தி இது. எடைச் சீட்டு, ஊசி இரண்டிலும் பழுதில்லை. வரப்பில்தான் பயந்தேன். காலடியைப் பார்க்கக் கண் தாழ்ந்ததும் கீழ்ப் பாதி குறுக்கே வந்து வரப்பு மங்கியது. ஒருமுறை கால் பாத்திக்குள் இறங்கிவிட்டது. தலையில் உப்புக் கூடையோடு நடப்பவருக்கு இது ஆபத்து. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நல்லது, சுமை தூக்குபவருக்கு வேண்டாம்.

புரோகிரசிவ்: 4,800 ரூபாய்

1959-ல் பிரான்சில் பெர்னார்ட் மைத்தனாஸ் உருவாக்கிய வேரிலக்ஸ் வழிவந்த வகை. கோடு தெரியாது, எல்லாத் தூரமும் ஒரே லென்ஸில். எனக்குப் பழக ஒன்பது நாள் ஆனது. ஓரங்களில் காட்சி நெளிகிறது. பேருந்திலும் அலுவலகத்திலும் சுகம். உப்பளத்தில் கீறல் விழுந்தால் 4,800 ரூபாயும் வீண்.

செல்போன்

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் உருப்பெருக்கத்தை இயக்கினால், திரையை மூன்று முறை தட்டிப் பெரிதாக்கலாம். ஐபோனில் மேக்னிஃபையர் என்றே ஒரு செயலி உண்டு. மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி பார்க்க இந்தச் செயலி அருமை. பாத்தியில் பயன்படவில்லை. வெயிலில் திரை தெரிவதில்லை, ஈரக் கைக்குத் தொடுதிரை மசிவதில்லை, ஊசி கோக்க இரண்டு கையும் வேண்டும்.

வெள்ளெழுத்துக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்தும் உண்டு, அதைச் சோதிக்கவில்லை. பைலோகார்பின் என்ற மருந்து கண்மணியைச் சுருக்கிச் சில மணி நேரம் கிட்டப் பார்வை தரும். இந்தியாவில் இத்தகைய ஒரு மருந்துக்குக் கிடைத்த அனுமதியை 2024 செப்டம்பரில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்திவைத்தது, அனுமதியை மீறிய விளம்பரம் என்று சொல்லி. சுருங்கிய கண்மணி இருட்டில் வெளிச்சத்தைக் குறைக்கும். விடியுமுன் வரப்பில் இறங்குபவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

என் தீர்ப்பு

உப்பளத்துக்குத் தூரத்துக்கேற்ற ரெடிமேட் பிளாஸ்டிக் கண்ணாடி, கயிறோடு. இதற்கு மேல் செலவு தேவையில்லை. ஆனால் வாங்குமுன் ஒருமுறை கண்ணைச் சோதித்துவிடுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தவளக்குப்பம் அரவிந்திலும் பார்க்கலாம். கண்ணழுத்தமும் சர்க்கரையால் வரும் விழித்திரைக் கேடும் சத்தமில்லாமல் வளர்பவை, கடைக் கண்ணாடி அவற்றைக் கண்டுபிடிக்காது. உப்பு வெளுப்பில் கண் கூசுவதற்குக் கூலிங் கிளாஸ் தனியாக வேண்டும்.

இது சொகுசல்ல, கூலி சம்பந்தப்பட்ட விஷயம். 2018-ல் வெளியான ஆய்வில், அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்ததும், கொடுக்காதவர்களைவிட அவர்கள் பறித்த இலை ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. வங்கதேசத்தில் 2024-ல் வெளியான ஆய்வில் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி, இந்தக் கண்ணாடி கிடைக்காமல் கிட்டப் பார்வை குன்றியவர்கள் உலகில் 82.6 கோடிப் பேர்.

அளம் எடுத்து நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சீசன் தொடங்கும்போது நாற்பது தாண்டிய ஒவ்வொருவருக்கும் கண் சோதனை செய்து ஒரு கண்ணாடி கொடுங்கள். 180 ரூபாய்தான். வாங்கப்போகிறவர்களுக்கும் ஒன்று: கண்ணிலிருந்து வேலை நடக்கும் இடம் வரை ஒரு சணலைப் பிடித்து, அந்த நீளத்தில் முடிச்சுப் போடுங்கள். கடைக்கு அதை எடுத்துப்போங்கள். முடிச்சின் தூரத்தில் சீட்டைப் பிடித்து எழுத்துத் தெளிகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.