பி.எச்.பி-யில் மாறும் மாறிப்பெயர்கள்: ஒரு மதிப்பீடு

ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி, வழங்கியில் இயங்கும் நிரல்மொழி. இதில் ஒரு மாறியின் மதிப்பையே இன்னொரு மாறியின் பெயராகக் கொள்ளலாம். இரண்டு டாலர் குறிகள் போதும். மாறிப்பெயர்களில் தமிழ் எழுத்துகளையும் இம்மொழி ஏற்பதால், எடுத்துக்காட்டைத் தமிழிலேயே தரலாம்:

$வட்டம் = 'தோவாளை';
$$வட்டம் = 40;

இதன்பின் $தோவாளை என்னும் மாறியின் மதிப்பு 40 ஆகும்.

சுருக்கமான வழிதான். ஆனால் நம்பத்தக்கதா? கன்னியாகுமரி மாவட்ட மழையளவை இப்படிப் பதிவதாகக் கொள்வோம். அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என நான்கு வட்டங்கள் இருந்தபோது நான்கு மாறிகள். பின்னர் கிள்ளியூரும் திருவட்டாரும் சேர்ந்து வட்டங்கள் ஆறாயின. புதிய மாறிகள் தாமாகவே உருவாகிவிடும். ஆனால் கூட்டல் வரி பழைய நான்கு பெயர்களையே கூட்டிக்கொண்டிருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. மொத்தம் மட்டும் குறைந்து நிற்கும். விடைத்தாளில் ஒரு பக்கத்தைப் புரட்டாமல் மதிப்பெண் கூட்டியதற்கு ஒப்பானது இது.

இதற்குப் பொருத்தமானது அணி:

$மழை['தோவாளை'] = 40;

வட்டங்கள் எத்தனை ஆனாலும் அணி முழுவதையும் ஒரே செயற்கூறு கூட்டித் தரும். 'அகத்தீசுவரம்', 'அகஸ்தீஸ்வரம்' என இருவிதமாக எழுதிவிடும் பிழை அணியிலும் நேரும். எனினும் அணியைப் பட்டியலிட்டால் அது கண்ணில் பட்டுவிடும்.

பெரிய கேடு வேறு. படிவத்தில் பயனர் அனுப்பும் பெயர்களை அப்படியே மாறிகளாக்கினால், $நிர்வாகி போன்ற முக்கிய மாறியின் மதிப்பையும் வெளியாள் மாற்றிவிடலாம். இதே செயலைத் தானாகச் செய்துவந்த 'ரிஜிஸ்டர் குளோபல்ஸ்' அமைப்பு, 2002இல் 4.2 பதிப்பில் இயல்பாக அணைக்கப்பட்டது, 2012இல் 5.4 பதிப்பில் அறவே நீக்கப்பட்டது. மொழியை உருவாக்கியவர்களே கைவிட்ட வழியை நாம் கையால் எழுதிச் சேர்ப்பது முறையன்று.

அடைப்புக்குறிகளோடு சேரும்போது பொருள் மயக்கமும் உண்டு. $$அ['ஆ'] என்பதை 7.0 பதிப்பு (2015) முன்னைப் பதிப்புகளிலிருந்து வேறுபட்டுப் படிக்கிறது. பழைய நிரல்கள் இதனால் பிறழலாம்.

முன்கூட்டியே தெரிந்த சில பெயர்களை வார்ப்புருவுக்குள் இறக்குவதற்கு இவ்வசதி உதவும். கற்கும் மாணவருக்கு முதலில் அணியையே சொல்லிக்கொடுக்க வேண்டும். இரட்டை டாலரை அவர் பிறர் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அறிந்தால் போதும்.